குடுவைச் செடியோடு நாலு வருஷம்: இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

2021 ஆகஸ்டில் புனலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் செங்கோட்டைக்குத் திரும்பும் வழியில், சாலையோர நர்சரி ஒன்றில் வாங்கியது இந்தக் குடுவைச் செடி, இலை நுனியில் தொங்கும் குடுவையில் பூச்சி பிடிக்கிற செடி. நெப்பந்தஸ் வென்ட்ராட்டா, பிலிப்பைன்ஸ் இனங்கள் இரண்டு கலந்து உண்டானது. அப்போது ஒரு சாண் உயரம், ஐந்து குடுவைகள். இப்போது கொடியாக ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது, எண்ணினால் பதினேழு குடுவைகள். நடுவில் ஒருமுறை செத்தே போயிருக்க வேண்டியது.

கொடுக்கும்போது நர்சரிக்காரர் சொன்னது ஒரே வரி: "சேச்சி, மழவெள்ளம் மாத்ரம் மதி, கேட்டோ." மழைத்தண்ணீர் மட்டும் போதும். எல்லையில் வளர்ந்தவளுக்கு மலையாளம் புரியாமல் இல்லை. ஆனால் உரம் கிரம் எதுவும் வேண்டாம், சும்மா தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு தண்ணீரே ஊற்றக் கூடாது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

வாங்கிய நேரம் சாரல் சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் திண்ணையில் வைத்த செடிக்கு நான் எதுவுமே செய்யவில்லை, அதுபாட்டுக்குக் குடுவை விட்டது. சாரல் நின்றதும் வீட்டுக்குள் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி, போர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். தை மாதத்துக்குள் நிறம் போய்விட்டது. புது இலை விரியும்போதே நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவில் எலுமிச்சைப் பழ மஞ்சள். இலை நுனியிலிருந்து கம்பி மாதிரி ஒன்று நீளும், அதன் முனைதான் ஊதிக் குடுவையாக வேண்டும். மிளகு அளவுக்கு மொட்டு வந்து அப்படியே கருகிவிடும். சத்துக் குறைவு போல என்று மண்புழு உரத்தைக் கரைத்து ஊற்றினேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த வகைச் செடிகள் சத்தே இல்லாத மண்ணில் வளர்ந்து பழகியவை, அதனால்தான் பூச்சியைப் பிடித்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. நம் மலைப்பக்கம் மழைநீர் கசியும் பாறைகளில் ஒட்டிக்கிடக்கிற அழுகண்ணியும் பூச்சி பிடிக்கிற செடிதான், அதுவும் அப்படித்தான் பிழைக்கிறது. வேரில் உப்பு சேர்ந்தால் இவற்றால் தாங்க முடியாது. எங்கள் போர் தண்ணீரோ காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன், 610 பிபிஎம் (பத்து லட்சத்தில் 610 பங்கு). ஆர்ஓ தண்ணீர் 78, எங்கள் மெஷின் வடிகட்டிய தண்ணீரில் திரும்பவும் மினரல் சேர்க்கிற வகை. ஓட்டிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் 14. இந்தச் செடிக்கு 50-க்குக் கீழே இருப்பது நல்லது. என் கருத்தில், குடுவைச் செடி வாங்குகிறவர்கள் தொட்டிக்குக்கூட அவ்வளவு யோசிக்க வேண்டாம், மீட்டரை முதலில் வாங்கிவிடுங்கள்.

சரி, மண்ணை மாற்றலாம் என்று தொட்டியைக் கவிழ்த்தேன். மேல்மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே வேர் முழுக்கக் கறுப்பு, நூல் மாதிரி மெலிசு. அழுகிவிட்டது என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளையாக ஒரு வேரை விரலால் அழுத்திப் பார்த்தேன், கொழகொழ என்று இல்லாமல் விறைப்பாக இருந்தது. நெப்பந்தஸ் வேரின் இயல்பான நிறமே கறுப்புதான். இது தெரியாமல் நல்ல வேரை நறுக்கிவிடாதீர்கள், அழுத்தினால் கொழகொழவென்று நசுங்குகிற வேர்தான் அழுகியது. மழைத்தண்ணீரில் அலசி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியும், பொரி மாதிரி லேசான வெள்ளைக்கல்லான பெர்லைட்டும் கலந்து நட்டேன். தேங்காய் நார்க்கழிவு நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலும் உப்பு இருக்கும், பல தடவை ஊறவைத்து அலசாமல் போடக் கூடாது.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது. புது இலையைப் பார்த்துத்தான் தேறுகிறதா இல்லையா என்று தெரியும். எனக்கு அதற்கு இரண்டரை மாதம் ஆனது. நல்ல பச்சையில் ஒரு இலை விரிந்து, அதன் நுனியில் மூடி திறக்காத குடுவை ஊதிக்கொண்டு வந்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிறம் மாறினால் எல்லாமே நோய் இல்லை. வெளிச்சம் நிறைய விழுந்தால் இலையில் சிவப்பு ஏறும், அது நல்லதுதான். அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது வயசு. குடுவை மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தால் அதன் காலம் முடிந்தது, சில மாதம்தான் அதற்கு ஆயுசு. குடுவையை மட்டும் வெட்டுங்கள், இலை பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். சித்திரை வெயில் நேராக அடித்து வெளிறிப் பழுப்பாகிற திட்டு வேறு, அதற்கு மெல்லிய திரை போதும். காற்று ரொம்ப வறண்டால் இலை பச்சையாகவே இருக்கும், குடுவை மட்டும் வராது. கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் விட்டு அதன் மேல் தொட்டியை வைத்தேன், ஓரளவு உதவியது. தொட்டி தண்ணீரில் முங்கக் கூடாது.

சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எறும்பே போதும், தானாக வந்து விழும். வீட்டுக்குள் பூச்சியே வராவிட்டால் மாதம் ஒருமுறை ஒரு குடுவைக்கு இரண்டு மீன் தீனி உருண்டை. அண்ணன் மகன் ஒருநாள் பார்டர் பரோட்டாவோடு வந்த கோழித்துண்டை உள்ளே போட்டுவிட்டு, "அத்த, அதுக்கும் பசிக்கும்லா" என்றான். நாலாம் நாள் அந்தக் குடுவை கறுத்து நாற ஆரம்பித்தது, வெட்ட வேண்டியதாயிற்று. பாவம், அவன் அழுதுவிட்டான்.

இப்போது சாரல் சீசனில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழைகளில் ஓட்டுத்தண்ணீரை 20 லிட்டர் கேன் நாலில் பிடித்து, வாயில் துணி கட்டி இருட்டில் வைத்துவிடுகிறேன். ஒரு செடிக்கு இது சித்திரை வரை வரும். போன மாதம் கொடியின் நுனியை வெட்டிப் பாசியில் குத்தி வைத்தேன், வாடாமல் நிற்கிறது. வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கப்போகிறேன், கூடவே ஒரு கேன் தண்ணீரும்.