சின்ன கார்: கிளட்ச்சா, ஏஎம்டியா, எலக்ட்ரிக்கா?

எங்கள் குடும்பத்தில் மூன்று சின்ன கார்கள் ஓடுகின்றன. என்னுடையது கிளட்ச் மிதித்து கியர் போடும் சாதாரண பெட்ரோல் கார். வாங்கி 9 வருடம் ஆகிறது. அக்காவுடையது கிட்டத்தட்ட அதே எஞ்சின், ஆனால் ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச்சையும் கியரையும் காரே பார்த்துக்கொள்ளும் வகை. தம்பி இரண்டரை வருடமாக ஒரு குட்டி எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிறான். அவசரத்துக்கு யார் வீட்டு கார் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதனால் மூன்றையும் காலை நெரிசலிலும், மேட்டிலும், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டும் ஓட்டியிருக்கிறேன்.

சின்ன கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்து விலை. இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் வாங்கிய பிறகு தினமும் நம்மைச் சந்தோஷப்படுத்துவதும் எரிச்சல்படுத்துவதும் வேறு ஒன்று: நின்ற இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் வேகம் வரை அந்த கார் எப்படி நடந்துகொள்கிறது என்பது. ஊருக்குள் ஓடும் கார் தன் நேரத்தில் பெரும்பகுதியை அந்த வேகத்தில்தான் கழிக்கிறது. அதைத் தீர்மானிப்பது எஞ்சினைவிட, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது. அதனால் எந்த கம்பெனி கார் என்று பார்க்காமல், கிளட்ச், ஏஎம்டி, எலக்ட்ரிக் என்று பிரித்து ஒப்பிடுகிறேன்.

முதலில் இந்த வகை கார்களின் எடையைப் பார்த்துவிடலாம். 2005-ல் வந்த டொயோட்டா அய்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 பிஎஸ் (குதிரைத்திறன்), எடை சுமார் 800 கிலோ. தனியாகப் போகும்போது இது போதும், துள்ளலாகவே இருக்கும். நாலு பெரியவர்கள் ஏறினால் ஆளுக்கு 70 கிலோ வீதம் 280 கிலோ கூடுகிறது. காரின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பெரிய காரில் நாலு பேர் ஏறினால் வித்தியாசம் தெரியாது. சின்ன காரில் அது வேறு காராகவே மாறிவிடும். போதாததற்கு ஏசி கம்ப்ரஸர் வேறு எஞ்சினிலிருந்து 2, 3 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும். ஐடிலில் ஒரு லிட்டர் எஞ்சினிடம் கொடுக்க இருப்பதே கொஞ்சம்தான். நெரிசலில் மெதுவாக நகரும்போது கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் கார் லேசாகப் பின்னுக்கு இழுப்பதை உணர்ந்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை. சின்ன எஞ்சினின் இயல்பு.

சரி, நெரிசலுக்கு வருவோம். என் காரில் ஒரு நாள் கிளட்ச் மிதிப்பதை எண்ணிப் பார்த்தேன். 4 கிலோமீட்டருக்கு 140 தடவை. கிளட்ச் லேசானதுதான், ஆனாலும் வாரக் கடைசியில் இடது முழங்கால் சொல்லிவிடும். இதற்கு ஈடாக மேனுவலில் கிடைப்பது, கார் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அங்குலக் கணக்கில் நானே முடிவு செய்வது. பாதி கிளட்ச்சில் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று இடுக்கில் நிறுத்துவதற்கு இதைவிட நம்பகமானது எதுவும் இல்லை. மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் உணர்ந்து, பிறகு விடுவது ஒரு மாதத்தில் கைவந்துவிடும்.

ஏஎம்டி பற்றித்தான் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்று சொல்லி விற்பதால் வழுக்கிக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது மேனுவலில் உள்ள அதே கியர்பாக்ஸ், அதே உலர் கிளட்ச். கால் செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது, அவ்வளவுதான். மேனுவலில் நாம் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவோம். நம்மை அறியாமலே உடம்பு அதற்குத் தயாராகிவிடும். ஏஎம்டி எப்போது மாற்றும் என்று நமக்குத் தெரியாது. அதனால் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை ஒரு தடவை முன்னே போய் வரும். அக்காவின் காரில் முதல் வாரம் பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டியது. பிறகு அக்கா ஒரு பழக்கம் கண்டுபிடித்தாள். கியர் மாறப்போகும் சத்தம் வரும் சமயத்தில் காலை லேசாகத் தளர்த்துவாள். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்து பாருங்கள். இந்தப் பழக்கம் வந்த பிறகு அவள் என் காரைத் தொடுவதே இல்லை. நெரிசலில் இடது கால் சும்மா இருப்பது அவ்வளவு பெரிய நிம்மதி என்கிறாள்.

ஆனால் மேடு ஏஎம்டிக்கு எதிரி. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காசு கரைவது இங்கேதான். மேட்டில் சிக்னலில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைப் பின்னால் போகவிடாமல் பிடித்து வைப்பார்கள் சிலர். டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கடத்தும் பகுதி) உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் அதை எண்ணெய் தாங்கிக்கொள்ளும். ஏஎம்டியில் கிளட்ச் தட்டு தேய்ந்துகொண்டே நிற்கும். மூன்று நிமிடம் அப்படி நின்றாலே கருகிய வாடை வரும். அக்காவின் காரில் 38,000 கிலோமீட்டரில் கிளட்ச் போனதற்குக் காரணம் அவள் வீட்டு அடித்தள பார்க்கிங்கின் சரிவும் இந்தப் பழக்கமும்தான். மாற்றிய பிறகு, சரிவில் பிரேக்கை மட்டுமே நம்புகிறாள். ஏறும்போது மேனுவல் மோடில் முதல் கியரிலேயே வைத்துக்கொள்கிறாள். இதுவரை பிரச்சினை இல்லை. ஏஎம்டி வாங்குகிறவர்கள் மேட்டில் பிரேக்கை விட்டதும் கார் பின்னால் உருளாமல் சில நொடி பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா, பிரேக்கை விட்டால் தானாக மெல்ல நகரும் க்ரீப் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ரெனோ க்விட்டின் ஏஎம்டி 2016-ல் வந்தபோது க்ரீப் கிடையாது, 2018-ல்தான் சேர்த்தார்கள். ஒரே கார், ஒரே பெயர், ஆனால் பார்க்கிங்கில் ஓட்டும் அனுபவம் வேறு. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எலக்ட்ரிக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கிளட்ச் இல்லை, மாற்ற கியர் இல்லை. மோட்டார் சுற்றத் தொடங்கும்போதே முழு இழுவையும் கிடைத்துவிடும். டாசியா ஸ்பிரிங் 2021-ல் வந்தபோது அதன் பவர் வெறும் 44 பிஎஸ். காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும் எண். ஆனால் 0-விலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.8 வினாடி, ஊருக்குள் யாருக்கும் தாராளம். அதே கார் 100-ஐத் தொட 19.1 வினாடி எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே குட்டி எலக்ட்ரிக் காரின் குணம் புரிந்துவிடும். தம்பி காரை நெரிசலில் ஓட்டிவிட்டு என் காருக்குத் திரும்பும்போது, மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் ஸ்டியரிங்கில் புதிதாகத் தெரிகிறது. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததே இல்லை.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. இங்கே என் காருக்குத்தான் என் ஓட்டு. 90-ல் சத்தம் அதிகம்தான். பெரிய லாரி கடந்து போனால் கார் ஒரு பக்கம் தள்ளப்படும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஆனால் முந்த வேண்டும் என்றால் மூன்றாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைச் சுற்றவிட்டுப் போய்விடலாம். ஏஎம்டியில் மிதித்த பிறகு கியர் இறங்க ஒரு கணம் ஆகும். எதிரே வண்டி வரும்போது அந்த ஒரு கணம் மிகவும் நீளம். முந்துவதற்கு முன்பே மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. தம்பி காரில் வேறு கவலை. ஊருக்குள் காட்டும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு நெடுஞ்சாலை வேகத்தில் காணாமல் போகிறது. இந்த அளவு காரில் பேட்டரியே சிறியது. ஸ்பிரிங்கில் முதலில் வந்தது 26.8 கிலோவாட் அவர். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் போட்டால் 2.3 கிலோவாட் கிடைக்கும், காலியிலிருந்து நிரம்ப 13, 14 மணி நேரம். தினம் 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரவில் மூன்று மணி நேரம் போட்டால் போதும். வாரா வாரம் 200 கிலோமீட்டர் தள்ளிப் போகிறவருக்கு ஒத்துவராது.

இன்னொரு விஷயத்தில் எலக்ட்ரிக் பெட்ரோலைத் தூக்கிச் சாப்பிடுகிறது: குறுகிய பயணம். என் தினசரி ஓட்டம் 3 கிலோமீட்டர், திரும்ப 3 கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். சூடாகாத எஞ்சினில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஸ்டார்ட் பண்ண எடுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க நேரம் இருக்காது. கிலோமீட்டர் கம்மியாக ஓடியிருக்கிறதே என்று முதல் சில வருடங்கள் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து அடியில் படிந்திருந்த வெண்ணிறப் பசையைக் காட்டிய பிறகு, கிலோமீட்டர் ஆகிறதோ இல்லையோ வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் விடாமல் ஓட்டுகிறேன். ஏஎம்டிக்கும் இதே விதிதான். எலக்ட்ரிக்குக்கு 3 கிலோமீட்டரும் ஒன்று, 30-ம் ஒன்று. அங்கே கவனிக்க வேண்டியது பிரேக். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் அதிகம் வேலை செய்யாமல் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவையாவது ஆளில்லாத சாலையில் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம், எலக்ட்ரிக்கிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. தம்பி கார் ஒரு நாள் கதவே திறக்காமல் நின்றது. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. செத்துப்போனது அந்தச் சின்னதுதான்.

இடவசதி மூன்று வகைக்கும் பொதுவான பிரச்சினை. கியரைவிட காரைப் பொறுத்தது. அய்கோவின் டிக்கி 139 லிட்டர்; 2011-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் அப், 3.54 மீட்டர் நீளத்திலேயே 251 லிட்டர் கொடுத்தது. 2015-ல் வந்த க்விட் 300 லிட்டர். ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் வழக்கமான பெட்டியை, குழந்தை வண்டியைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் விட முடியாது. நட்சத்திரம் எத்தனை என்று கேட்கிறவர்கள், எந்த வருடச் சோதனை என்றும் கேட்க வேண்டும். அப் 2011-ல் யூரோ என்கேப் என்ற மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு 2019-ல் அதே காருக்கு 3 தான். ஸ்பிரிங் 2021-ல் ஒரே ஒரு நட்சத்திரம். க்விட் 2016-ல் குளோபல் என்கேப் சோதனையில் முதலில் பூஜ்யம். விலையைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் உண்டு. சின்ன காரில் போகிறவர்களின் உயிர் சின்னது இல்லையே. பட்ஜெட் இடித்தால் டச் ஸ்கிரீனை விட்டுக்கொடுங்கள். கூடுதல் ஏர்பேக்கையும், கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியையும் விடாதீர்கள்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது விற்பனையாளர் காலியான அகலச் சாலைக்குத்தான் கூட்டிப் போவார். அங்கே மூன்று வகையும் நன்றாகத்தான் ஓடும். வீட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏசியை முழுசாக வையுங்கள். ஒரு மேட்டில் நிறுத்தி எடுங்கள், ரிவர்ஸில் அதே மேட்டில் ஏற்றுங்கள், பத்து கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். பின்சீட்டில் இருப்பவரிடம் கருத்துக் கேளுங்கள்.

பழைய கார் என்றால், மேனுவலில் கிளட்ச் பெடல் மிகவும் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். ஏஎம்டியில் கிளட்ச் எப்போது மாற்றினார்கள் என்ற பில்லைக் கேளுங்கள். எலக்ட்ரிக்கில் பேட்டரியின் மீதித் திறன் எத்தனை சதவீதம் என்ற அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் காரின் கிளட்ச்சே இப்போது மேலே வந்துதான் பிடிக்கிறது. மாற்றுவதா, காரையே மாற்றுவதா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். தம்பி காரைத்தான் மனம் கேட்கிறது. ஆனால் அவனுக்கு வீட்டு வாசலிலேயே பிளக் இருக்கிறது. என் கார் நிற்பது தெருவில், நான் இருப்பது மூன்றாவது மாடி. கட்டடத்தில் சார்ஜிங் பாயின்ட் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை ஓடட்டும் என்று இந்தச் சனிக்கிழமை கிளட்ச் மாற்றக் கொடுக்கிறேன்.