தீக்காயத்துக்குத் தோல்: தொடையிலிருந்தா, ஆய்வகத்திலிருந்தா?

தொடையிலிருந்து மெல்லிய ஏடாகத் தோலைச் சீவி, வலைபோலக் கீறி விரித்து, காயத்தின்மேல் ஒட்டுவது பழைய முறை. இதில் அடித்தோலின் ஒரு பகுதியும் சேர்ந்தே வருவதால் உறுதி அதிகம். சீவிய இடமும் சுமார் 2 வாரத்தில் ஆறிவிடும். அங்கே ஆழத்தில் தங்கிவிட்ட மயிர்க்கால்களிலிருந்து செல்கள் பெருகி மேலேறி மூடுகின்றன. மயிர்க்காலை வெறும் முடி விஷயமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் உடல் முழுக்க வெந்தவருக்குச் சீவ இடம் ஏது? அங்கேதான் ஆய்வகத் தோல். 1975-இல் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற ஆய்வாளர்கள் மேல்தோல் செல்களை வளர்க்க வழி கண்டனர். தபால்தலை அளவு தோல் போதும். சில வாரங்களில் பெரும்பரப்புக்கான ஏடுகள் தயார். அதுவரை நோயாளியைக் கிருமியிடமிருந்து காப்பதுதான் பெரும்பாடு. செலவும் மிக அதிகம். அடித்தோல் இல்லாததால் எளிதில் கொப்புளிக்கும், உரியும்.

முடி? இரண்டிலுமே பெரும்பாலும் கிடையாது. 2020-இல் குருத்தணுக்களிலிருந்து (பல வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்கள்) மயிர்க்காலோடு வளர்த்த தோலை எலிக்கு ஒட்டியபோது முடி முளைத்தது. மனிதருக்கு இன்னும் வரவில்லை.

இடமிருந்தால் தொடைத்தோலையே நான் தேர்வேன்.