பழைய டஃப்புக் சிஎஃப்-31: வேதாரண்யம் உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

படைகளும் போலீசும் வாங்கிப் பயன்படுத்திக் கழிக்கும் கணினிகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் பானாசோனிக் டஃப்புக் சிஎஃப்-31 என்ற முரட்டு மடிக்கணினியை டெல்டாவில் நில அளவைக்காரர்களும் புயல் நிவாரணக் குழுக்களும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் ‘ராணுவத் தரம்’ என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கக் கூடாது.

மெக்னீசியக் கலவை உடல். எடை ஏறத்தாழ 3.7 கிலோ, தோளில் மாட்டி நாள் முழுக்க வரப்பில் நடக்க முடியாது. 13.1 அங்குலத் திரை உச்சி வெயிலிலும் தெரியும். ஆனால் 1024x768 தான், வரைபட மென்பொருளுக்கு நெருக்கடி. பழைய டோட்டல் ஸ்டேஷனை (நில அளவைக் கருவி) நேரே இணைக்க 9 முனை சீரியல் போர்ட் இருப்பது பெரிய வசதி.

‘ராணுவத் தரம்’ என்று சொல்லப்படும் அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810ஜி என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. அதற்கென்று முத்திரை குத்தித் தரும் அமைப்பு எதுவும் கிடையாது. எந்தெந்த முறைகளில் சோதித்தார்கள் என்பதே கேள்வி. கீழே விழும் சோதனை 516-ஆம் முறை: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை என 26 தடவை. அதை ஐந்து கருவிகளுக்குப் பங்கிட்டுச் செய்யவும் அனுமதி உண்டு. நமக்கு முக்கியமானது 509, உப்பு மூட்டம். அகஸ்தியன்பள்ளி உப்பளத்துப் பக்கம் வேலை என்றால் கருவியைச் சோதித்த முறைகளின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ராணுவம் இதே வேலைக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்ற விவரக்குறிப்பை வைத்திருக்கிறது.

தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இந்தக் கருவியின் குறியீடு ஐபி65. அப்படியென்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரும் புகாது. வாய்க்காலில் விழுந்து முழுகினால் அதற்குப் பொறுப்பில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பது ஐபி67.

இத்தனை சோதனையும் புதுக் கருவிக்குத்தான். பழையதில் முதலில் போவது போர்ட் மூடிகளின் ரப்பர். ஒரு காகிதத் துண்டை வைத்து மூடியைப் பூட்டி, காகிதத்தை இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, ஐபி65 போயிற்று. மூடியைத் திறந்து முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் உள்ளே பலகையிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். அறுவடைக் களத்தில் மூடியைத் திறக்குமுன் சுணையைத் துடைக்க வேண்டும். ரப்பரில் ஒட்டிய சுணை அடுத்த தடவை மூடும்போது இடைவெளி விடும். கடலோரத்தில் தினமும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது அவசியம்.

பயாஸ் (கணினியை முடுக்கியதும் முதலில் ஓடும் மென்பொருள்) கடவுச்சொல் கேட்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். அரசுத் துறை கழித்த கருவிகளில் அது பூட்டியே வருவதுண்டு, எடுப்பது லேசல்ல. அடாப்டர் 15.6 வோல்ட்; சாதாரண 19 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பார்க்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கை 2.5 அங்குல எஸ்எஸ்டியாக மாற்றிவிடுங்கள். கடைசி மாடலிலும் ஐந்தாம் தலைமுறை இன்டெல்தான். விண்டோஸ் 11-க்கு முறைப்படி ஆதரவில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. லினக்ஸ் போடுவது உத்தமம்.

ராணுவக் கொள்முதலில் களச் சோதனையை விற்பவர் தம் செலவிலேயே நடத்த வேண்டும், ராணுவம் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்களும் விற்பவரிடம் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நல்ல ரப்பரோடு கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். கோடியக்கரை, நாகப்பட்டினம் கரையோரத்துக்கு, 509 சோதனை இருந்தாலும், மூடி ரப்பர்கள் புதிதாகக் கிடைக்கும் என்று உறுதியான பிறகே பணம் கொடுங்கள்.