300 டூ ஸ்ட்ரோக், 350 ஃபோர் ஸ்ட்ரோக்: இரண்டையும் ஆறு ஆண்டுகள் காட்டுப்பாதையில் ஓட்டிய அனுபவம்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) பொருத்திய 300 சிசி டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ (கரடுமுரடான பாதைகளில் நெடுநேரம் ஓட்டுவதற்கான) வண்டி ஒன்றையும், இன்ஜெக்‌ஷன் (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) உள்ள 350 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்றையும் ஆறு ஆண்டுகளாக மாற்றி மாற்றி ஓட்டிவருகிறேன். முதல் வண்டியின் ஹவர் மீட்டர் இப்போது 340 மணி நேரத்தையும், இரண்டாவது வண்டியுடையது 290 மணி நேரத்தையும் காட்டுகின்றன. பந்தயத்துக்கு இவற்றை நான் கொண்டுபோனதில்லை. பாறை, வேர், ஓடை, சேறு, சரளை மேடு என்று ஒற்றையடிப் பாதைகளிலேயே இந்த நேரம் முழுவதும் கழிந்தது. இரண்டுக்கும் ஒரே வகை டயர் போட்டு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை என் எடைக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன் என்பதால், நான் உணரும் வேறுபாடு பெரும்பாலும் இன்ஜினிலிருந்தே வருகிறது என்று நம்புகிறேன். தயாரிப்பாளர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்; பேச்சு இன்ஜின் வகையைப் பற்றியது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். அதனால்தான் மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) விதிகள் 250 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 450 சிசி வரை ஃபோர் ஸ்ட்ரோக்கை அனுமதித்தன. 1998-இல் யமஹா ஒய்இசட்400எஃப் விற்பனைக்கு வந்தபோது, ஃபோர் ஸ்ட்ரோக் என்றாலே கனமான, மந்தமான வண்டி என்ற எண்ணம் உடைந்துபோனது. ஆனால் அந்த ஒப்பீடெல்லாம் உச்ச ஆற்றலை வைத்துச் செய்யப்பட்டது. காட்டுப்பாதையில் நான் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் முறுக்கும் தருணங்கள் ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நடைவேகத்தில், பாதி கிளட்ச்சில், ஒரு கால் தரையில் இருக்கும்போது இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே இங்கே எல்லாம் அமைகிறது.

எடையில் தராசு ஒன்று சொல்லும், கை வேறொன்று சொல்லும். பெட்ரோல் இல்லாமல் நிறுத்தி வைத்தால் என் இரண்டு வண்டிகளுக்கும் இடையே சில கிலோ வேறுபாடுதான். ஓடும்போதோ ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிடக் கனமாகத் தெரிகிறது. கனமான கிராங்க், மேலே கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), வால்வுகள், செயின் என்று சுழலும், அசையும் பாகங்கள் அதில் அதிகம் என்பதே காரணம். வளைவுக்குள் சாய்க்கும்போது டூ ஸ்ட்ரோக் நினைத்தவுடன் விழுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சற்று அழுத்திச் சாய்க்க வேண்டியிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் இது பொருட்டாகவே தெரியாது. நான்காவது மணி நேரத்தில் முன்னங்கைகள் இறுகும்போதுதான் தெரியவரும்.

நான் அடிக்கடி ஏறும் பாறைப்படி ஏற்றம் ஒன்று உண்டு. முழங்கால் உயரத்தில் மூன்று படிகள். படிகளுக்கு இடையே வண்டியின் நீளத்துக்கும் குறைவான இடம். இரண்டாவது படியின் அடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு வேர். ஃபோர் ஸ்ட்ரோக்கில் முதல் படியை எளிதாக ஏறிவிடுவேன். இரண்டாவது படியில் பின்சக்கரம் வேரில் வழுக்கிக் கல்லில் இடிக்கும் நொடியில், கிளட்ச்சை ஒரு விரல் அகலம் தாமதமாகப் பிடித்தாலும் 'டப்' என்று இன்ஜின் நின்றுவிடும். மெதுவான சுழற்சியில் அடுத்த வெடிப்பு வரும்வரை ஃபிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம்தான் பிஸ்டனை அமுக்க வீச்சு (கலவையை அழுத்தும் மேல்நகர்வு) வழியாகத் தள்ளிக்கொண்டுபோக வேண்டும். அந்தச் சமயத்தில் சக்கரம் கல்லில் மாட்டினால் அதனால் முடிவதில்லை. செங்குத்தான இடத்தில் நின்ற வண்டியை, கால் எட்டாத நிலையில், பின்னோக்கி நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானைத் தேடுவதில்தான் என் வலு அத்தனையும் கரைந்தது. அதே இடத்தில் 300 டூ ஸ்ட்ரோக் திணறும், முனகும், ஆனால் நிற்பது அரிது. ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு இருப்பதால், கிளட்ச்சைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தால் அடுத்த கணமே மீண்டும் இழுவை கிடைத்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் எர்ட்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடந்துவரும் கடும் எண்டியூரோ பந்தயத்தைக் கிரஹாம் ஜார்விஸ் ஐந்து முறை வென்றதும் 300 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில்தான். அந்த மட்டத்துத் திறமைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும், அவர்கள் இந்த இன்ஜினை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அந்த இரண்டாவது படி எனக்கு விளக்கியது.

இதை வைத்து ஃபோர் ஸ்ட்ரோக்கைக் குறைத்துச் சொன்னால் அது நியாயமாகாது. சரளைக் கல் நிறைந்த நீண்ட ஏற்றத்திலும், காய்ந்து தூளாகிப்போன மண்ணிலும் அதன் பிடிமானத்துக்கு என் டூ ஸ்ட்ரோக் ஈடாகாது. வெடிப்புகளுக்கு இடையே இடைவெளி இருப்பதாலும் ஆற்றல் படிப்படியாக ஏறுவதாலும் பின்டயர் மண்ணைக் கவ்விக் கவ்வி முன்னேறுவதை உட்கார்ந்த நிலையிலேயே உணர முடியும். டூ ஸ்ட்ரோக்கிலோ நடுத்தரச் சுழற்சியைத் தாண்டி, பவர் வால்வு (சுழற்சி வேகத்துக்கேற்ப எக்ஸாஸ்ட் வாயின் அளவை மாற்றும் பாகம்) திறக்கும் இடத்தை எட்டினால் சக்கரம் சட்டென்று வெறுமனே சுழலத் தொடங்கிவிடும். அந்த எல்லைக்குக் கீழேயே மணிக்கட்டை வைத்திருக்கப் பழகுவதற்கு எனக்கு ஓராண்டு பிடித்தது.

இறக்கங்களில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை ஒரு விரலால் தொட்டாலே போதும். ஆனால் ஈரமான செங்குத்துச் சரிவில் முதல் கியரில் இறங்கினால் அதே பிடிப்பு பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும் என்பதால், நான் இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். டூ ஸ்ட்ரோக் ஏறத்தாழ மிதிவண்டியைப் போல உருண்டு ஓடும். தொடக்கத்தில் ஒரு நீண்ட இறக்கத்தில் பின்பிரேக்கை விடாமல் மிதித்து, திரவம் கொதித்து, பிரேக் மிதி அடி வரை இறங்கிப்போன அனுபவம் எனக்கு உண்டு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மூடியபடி கியரில் வேகமாக இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழலும். பெட்ரோல் குறைவாகப் போவதால் ஆயிலும் குறைவாகவே போகும். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கிளட்ச்சை அழுத்திவிட்டு இடையிடையே ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கிக்கொடுக்க வேண்டும்.

பராமரிப்பு குறித்துப் பலரும் என்னிடம் கேட்பது எது மலிவு என்பதுதான். எதை உங்கள் கையாலேயே செய்துகொள்ள முடியும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டூ ஸ்ட்ரோக்குக்கு நான் 40-க்கு 1 என்ற விகிதத்தில், அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில் கலக்கிறேன். கலக்காத பெட்ரோலை மறந்து ஊற்றிவிட்டால் இன்ஜின் போய்விடும் என்பதால், கலந்த கேனின் மூடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். பிஸ்டனை 115 மணி நேரத்திலும் 230 மணி நேரத்திலும் மாற்றினேன். முதல் முறை ஒரு முழு நாள் ஆனது. இரண்டாவது முறை மாலையில் தொடங்கி இரவு உணவுக்கு முன் முடித்துவிட்டேன். சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன் ரிங்கை மட்டும் உள்ளே நுழைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்கும்போது, தேய்மானம் எவ்வளவு என்பது ஊகமாக இல்லாமல் கையில் உணரும் அளவாகக் கிடைக்கிறது.

கார்புரேட்டர்தான் இந்த வண்டியின் தீராத வேலை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) மாற்றாமல் போனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுத்து, சைலன்சர் இணைப்பில் கறுப்பு ஆயில் வழியத் தொடங்கும். பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் இருக்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக்கின் இன்ஜெக்‌ஷன் இந்த உயர வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆறு ஆண்டுகளில் அதன் பிளக்கைப் பாதையில் கழற்றும் தேவை ஒரே ஒருமுறைதான் வந்தது.

அந்த ஒருமுறை ஓடை நடுவில் வந்தது. இடுப்பளவு குழி இருப்பது தெரியாமல் இறங்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் குடித்து வண்டி நின்றது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் அந்த நிலையில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்துவிடக்கூடும். நல்லவேளையாக அதை அறிந்திருந்தேன். பிளக்கைக் கழற்றிய பிறகே இன்ஜினைச் சுழற்றித் தண்ணீரை வெளியே பீய்ச்சினோம். ஆனால் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த தேநீரின் நிறம் தெரிந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து, மூன்று முறை ஆயில் மாற்றிய பிறகுதான் அது தெளிந்தது. மறு ஆண்டு டூ ஸ்ட்ரோக்கையும் இதேபோல ஓர் ஓடையில் முக்கினேன். பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிக்கரை மிதித்துக் கிராங்க் கேஸிலிருந்த தண்ணீரை வடித்து, இருபது நிமிடத்தில் மீண்டும் ஓட்டிச் சென்றேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் ஆயிலைப் பொதுவாகவே நான் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும் அளவு ஆயில்தான் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றையும் காக்கிறது என்பதால் அதைத் தள்ளிப்போடத் துணிந்ததில்லை. வால்வு இடைவெளியை 30 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பெரும்பாலும் அளவு மாறாமலே இருக்கும். ஆனால் 250 மணி நேரத்துக்குப் பிறகு இன்லெட் வால்வு இடைவெளி குறையத் தொடங்கி, குளிர்ந்த இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல் போனது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றிச் சரிசெய்தேன். அடுத்தது பிஸ்டனும் டைமிங் செயினும். அந்த வேலையை வீட்டில் செய்யும் துணிவு எனக்கு இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வேலை எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் பெரிதாக வரும்.

பெட்ரோல் கணக்கில் ஃபோர் ஸ்ட்ரோக்கே மேல். நான் வழக்கமாகப் போகும் நான்கு மணி நேரச் சுற்றுக்கு அது 5 லிட்டர் குடித்தால் டூ ஸ்ட்ரோக் 7 லிட்டர் குடிக்கிறது. எரியாத கலவையில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும் அமைப்பு அது. டூ ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் குழாய் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பாறையில் பட்டு நசுங்கும். இரண்டு முறை நசுங்கிய பிறகு காப்புத் தகடு போட்டேன். வெப்பத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் மோசம். நடைவேக ஏற்றங்களில் ரேடியேட்டர் கொதித்ததால் மின்விசிறி பொருத்த வேண்டியிருந்தது.

நாள் முழுவதும் நூறு கிலோமீட்டருக்கு மேல், அகலமான பாதைகளும் நெடும் ஏற்றங்களும் கலந்து ஓட்டுபவருக்கு 350 ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். என் பயணங்கள் அப்படிப்பட்டவை அல்ல. பத்தில் ஏழு முறை நான் தேடிப்போவது நெருக்கமான கல்லும் வேரும்தான். எனவே இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை இப்போது வந்தபோது 300-ஐ வைத்துக்கொள்ள முடிவுசெய்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்குபவரிடம் கொடுக்க, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் வால்வு அளவையும் தேதியோடு எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

300-இல் கடைசியாக இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஃபிளைவீலுக்குக் கூடுதல் எடை பொருத்தினேன். பவர் வால்வின் ஸ்பிரிங்கை மென்மையாகத் திறக்கும்படி மாற்றினேன். சரளை மேட்டில் சக்கரம் வெறுமனே சுழல்வது பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பாறைப்படிகளில் இரண்டாவது படியைக் கிளட்ச்சைத் தொடாமலே ஏறிவிட்டேன். மூன்றாவது படியில் இன்னும் இரண்டு விரல் தேவைப்படுகிறது.