தரம் 3 முதல் தரம் 8 வரை: கிளிநொச்சித் தனியார் பாடசாலை ஒன்றில் எமது அனுபவம்

வாசிப்பதிலும் எழுதுவதிலும் கடும் இடர்பாடுள்ள எமது மகனை, அவன் தரம் 3 இல் படித்துக்கொண்டிருந்தபோது, கிளிநொச்சி நகரில், கற்றலில் இடர்பாடுள்ள பிள்ளைகளுக்காக இயங்கும் சிறிய தனியார் பாடசாலை ஒன்றில் சேர்த்தோம். தரம் 5 முடியும்வரை முழுநாளும் அங்கே படித்தான். இப்போது அரசாங்கப் பாடசாலையில் தரம் 8 இல் இருந்தபடி சனிக்கிழமைகளில் மட்டும் அங்கு போய் வருகிறான். பிள்ளையை அங்கே விடலாமா என்று வன்னியில் பெற்றோர் பலர் கேட்பதால், கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பாடசாலையின் பெரும் பலம், தமிழ் வாசிப்பைக் கற்பிக்கும் முறை. மகனுக்குத் தடையாக நின்றவை கொம்பு எழுத்துகள். 'கொடி' என்ற சொல்லில் கொம்பு (ெ) முன்னும் அரவு (ா) பின்னும் நிற்க, அவை குறிக்கும் ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. குறிகளை ஒவ்வொன்றாகப் படிக்க முயன்ற பிள்ளை 'கெ' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவான். ரீச்சர் கொம்பையும் அரவையும் சிவப்பிலும் ககரத்தைக் கறுப்பிலும் எழுதிய அட்டைகளைச் செய்து, சிவப்பு இரண்டும் சேர்ந்தே ஓர் ஒலி என்பதைக் கண்ணுக்குக் காட்டினார். பின்னர் மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு ஒலிக்கச் செய்தார்.

எமது பேச்சில் 'கன்று' என்பதும் 'கண்டு' என்றே ஒலிப்பதால், செவியை நம்பி எழுதும் பிள்ளை பிழை விடுவது இயல்பு. 'வண்டு, கன்று, பந்து' என்று மூன்று சொற்களையும் அருகருகே வைத்து, டகரத்துக்கு முன் எந்த எழுத்து, றகரத்துக்கு முன் எது, தகரத்துக்கு முன் எது என்று பல கிழமைகள் பொறுமையாகப் பழக்கினார்கள். சொல்வதெழுதலில் பிழைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டாமல், சரியாக எழுதிய எழுத்துகளை எண்ணி ஓரத்தில் குறித்தார்கள். அதுவரை பாடசாலைப் பையைத் திறக்கவே விடாத பிள்ளை, அந்தக் கொப்பியைத் தானாகவே கொண்டுவந்து எங்களிடம் காட்டினான்.

ஒரு ரீச்சரிடம் ஐந்தாறு பிள்ளைகளே இருப்பதால்தான் இவ்வளவும் முடிகிறது. ஆனால் வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைகளும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் மறைப்புகளுக்கு இடையில் இருந்து படிப்பது இரு பகுதியினருக்கும் நல்லதல்ல. இளம் ஆசிரியர்கள் அரச நியமனம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள்; அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனினும் மகனின் ரீச்சர் விலகிச் சென்ற தவணையில் அவனது வாசிப்பு வெகுவாகப் பின்தங்கியது. கணிதத்துக்கு இதே அளவு ஆழமான பயிற்சி அங்கே இல்லை.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் மாதக் கட்டணமும் போக்குவரத்தும் கூலிக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை. தருமபுரத்திலிருந்து பரந்தன் வழியாகப் பஸ்ஸில் போய் வரும் எமக்கு, மாரி மழையில் தவறிய நாட்கள் பல. கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

மிகவும் வருத்தியது தரம் 6 க்குத் திரும்பிய கட்டம். நாங்கள் அணுகிய ஓர் அரசாங்கப் பாடசாலை, தனியார் பாடசாலையின் முன்னேற்றக் குறிப்புகளை ஏற்கத் தயங்கிப் பல கிழமைகள் எம்மை அலைக்கழித்தது. ஆகவே சேர்ப்பதற்கு முன்பே, தவணை அறிக்கையை எந்த வடிவில் தருவார்கள், அரசாங்கப் பாடசாலைக்குத் திரும்பும்போது யார் கடிதம் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் கோருவதற்கு வைத்திய அறிக்கை வேண்டியிருக்கும் என்பதால், அதையும் காலத்தோடு எடுத்து வையுங்கள்.

அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலையில் விசேட கல்வி அலகும் பொறுமையான ஆசிரியரும் இருந்தால், முதலில் அங்கே பாருங்கள். கட்டணம் இல்லை, அயல் பிள்ளைகளின் கூட்டும் அறுபடாது. அப்படியொன்று கிட்டாமல், தரம் 2 அல்லது 3 இல் எழுத்துக்கூட்டவே பிள்ளை திணறினால், இந்தப் பாடசாலைக்குத் தயங்காமல் கூட்டிச் செல்லலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மகன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் வரலாற்றுப் பாடத்தை எவர் உதவியுமின்றித் தானே வாசித்து விளங்கிக்கொள்கிறான்.