சாமி படம்னு சொல்லி 6800 ரூபா போச்சு. அட்டன் பக்கம் இருக்கிறவங்க பார்த்துக்கோங்க

நேத்து ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கல.

அட்டன் டவுன்ல போனுக்கு ரீலோட் போடுற ஒரு கடை. கண்ணாடியில அம்மன் முகமும் தீச்சட்டியும் போட்ட போஸ்டர். "குடும்பத்தோடு காண வேண்டிய பக்திப் படம்"னு எழுதியிருந்துச்சு. கடைக்காரர் நெத்தி நிறைய விபூதி. நான் நோர்வூட் பக்கம்னு சொன்னதும், "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் தங்கச்சி, அம்மாவைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க, நம்ம மாரியம்மன் கதை"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விழுந்தேன். ஒரு டிக்கெட் 1200. நாலு எடுத்தேன். பில் கேட்கவே தோணல.

அத்தை விரதம் வேற. மண்டபத்துல விளக்கு அணைஞ்சதும் அம்மா செருப்பைக் கழட்டி சீட்டுக்கு அடியில வச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க. திரையில ஒரு கல். கல்லு மேல தண்ணி சொட்டுது. பத்து நிமிஷமும் அதேதான். பிறகு திரை முழுக்க சிவப்பு, எங்கேயோ மணிச் சத்தம். ஒரு வசனம் கிடையாது, அம்மனும் வரல. அம்மா கடைசி வரைக்கும் கையை இறக்கல, இனி வரும் இனி வரும்னு.

இப்படிப் படம் எடுக்கிறவங்க எடுக்கட்டும், பிடிச்சவங்க பார்க்கட்டும். அதுக்கு எதுக்கு அம்மன் போஸ்டர்? எங்க தோட்டத்துல ஆடுற காமன் கூத்துல சிவன் மன்மதனை எரிக்கும்போது ரதி ஏன் அழுறான்னு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

கடைசி பஸ்ஸும் போயிருச்சு. ஆட்டோவுக்கு 2000. மொத்தம் 6800. 2024ல கூட்டின தேயிலைத் தோட்ட நாள் சம்பளம் 1350 கணக்கில பார்த்தா, கிட்டத்தட்ட அம்மா அஞ்சு பேர், அதாவது அஞ்சு நாள் வேலை, போட்ட காசு. போகும்போது குடுத்த பஸ் காசைச் சேர்க்கல.

காலையில கடைக்குப் போனா, "படம் ஓடுச்சுதானே?"ங்கிறாரு. நேத்து தங்கச்சி, இன்னைக்கு மேடம். "நான் டிக்கெட் மட்டும்தான் விக்கிறேன், கொழும்புல கேளுங்க." படம் காட்டுறவங்களோட கொழும்பு நம்பருக்கு வாட்ஸ்அப் போட்டேன். நீல டிக் விழுந்துச்சு. ஒரு மணித்தியாலம் கழிச்சு, "கலைப் படம், எல்லாருக்கும் விளங்காது." திருப்பிக் கேட்டதும் பிளாக். 6800 ரூபா குடுத்து, எங்களுக்கு விளங்காதுன்னும் கேட்டுக்கணுமா?

நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977க்கு, அடிக்கலாம்னு பார்த்தா கையில பில் இல்ல. டிக்கெட்டையும் வாசல்லயே கிழிச்சு வாங்கிட்டாங்க.

எப்படி ஏமாறாம இருக்கலாம்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. டிரெய்லர் காட்டச் சொல்லுங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. போஸ்டரைப் போட்டோ எடுத்து வைங்க. அவ்வளவுதான்.

அந்த போஸ்டர் இன்னும் அதே கண்ணாடியில தொங்குது. வாற ஞாயிறும் காட்சியாம்.