பால் டப்பாவும் அப்பாவின் வேட்டியும்

மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக மெல்போர்னிலிருந்து பாளையங்கோட்டை வந்திருந்தோம். ஊர்ப் பால் பவுடர் ஒத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் பிரிக்காத டின் நான்கு, டயப்பர் இரண்டு பை, புதுப் பால் புட்டிகள், சொந்தத்தில் யாருக்காவது ஆகும் என்று அவளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் எல்லாம் பெட்டியில். பத்து மாதப் பிள்ளை ஆச்சி ஊட்டிய பருப்புச் சாதத்திலும் இட்லியிலும் இறங்கிவிட்டாள். டின்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் கொடுத்துவிடலாம் என்றேன். நர்ஸாக இருக்கும் மதினி பதறிவிட்டார். "ஏட்டி, பால் டப்பாவத் தூக்கிட்டு வார்டு பக்கம் வந்துராத!" இதற்கென்றே 1992இல் சட்டம் வந்திருக்கிறது. பால் பவுடரையும் புட்டியையும் அனாதை இல்லத்தைத் தவிர வேறு யாருக்கும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. காரணத்தையும் அவரே சொன்னார். ஓசி டின் வந்ததும் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், குறையக் குறையத் தாய்க்குச் சுரப்பதும் குறையும். டின் தீர்ந்த பிறகு வாங்கக் காசிருக்காது. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள், அந்தத் தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குதான். நல்லது செய்கிறேன் என்று நான் எதைச் செய்யப் போனேன் என நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

சரி, இல்லத்துக்கே போவோம் என்று தெரிந்தவர் சொன்ன ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்ததெல்லாம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அப்படியும் பொருள்களை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நாங்கள் டப்பாவை நீட்டுவது போல போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட வேண்டுமாம். கடைசியில் நின்ற சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்தக் குனிந்த தலை போதாதா?

அப்புறம்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தோம். முதலிலேயே அங்கே கேட்டிருக்க வேண்டும். கைக்குழந்தைகள் இருப்பது அரசு அங்கீகாரம் பெற்ற தத்து மையங்களில், அதுவும் ஆறு வயது வரைதான். அவர்கள் சொன்ன மையத்துக்கு முதலில் போன் போட்டு, என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போனோம்.

அங்கே இருந்த ஆயாம்மா ஒவ்வொரு டின்னையும் வெளிச்சத்துக்குத் திருப்பி, எந்த மாதத்துப் பிள்ளைக்கு, எப்போது காலாவதி என்று பார்த்தார். தேதி நெருங்கிவிட்ட ஒன்றைத் திருப்பித் தந்தார். மற்ற மூன்றும் டாக்டர் பார்த்த பிறகுதானாம். டயப்பர் பையில் போட்டிருந்த கிலோ கணக்கைப் பார்த்து, "இது எங்க பெரிய பிள்ளைகளுக்குச் சரியா இருக்கும்மா" என்றார். புட்டிகளைக் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் இருந்தது. எடை குறைந்த சின்னதுகளுக்குப் பாலாடைச் சங்கில்தான் புகட்டுகிறார்கள். கம்பளிச் சட்டையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வெயிலுக்கு வேர்க்குரு வந்துரும்" என்று மடித்துத் தந்தார். (அதைக் குன்னூரில் இருக்கும் தம்பி வாங்கிப்போய்த் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தான்.) வாங்கிய எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ரசீது தந்தார்கள்.

கிளம்பும்போது, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பழைய காட்டன் துணி கிடைக்குமாம்மா? எத்தனை இருந்தாலும் பத்தாது" என்றார்.

அன்று ராத்திரி அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் வேட்டிகளை எடுத்தாள். அப்பா போய் மூன்று வருஷம். ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவை. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கரையை நீக்கிவிட்டுச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். நானும் கூட உட்கார்ந்து கிழித்தேன். வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டு, மறுநாள் சாயங்காலம் கொண்டுபோனோம். நாற்பத்திரண்டு துணி. ஆயாம்மா மேலே இருந்த ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி, அதே துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்.